பலகாரக் கடையின் பில்லுக்குப் பின்னால்: ஒரு மென்பொருள் நிறுவனத்தின் தர உறுதி முறைகள் பற்றிய மதிப்புரை

காரைக்குடியில் பலகாரக் கடை நடத்தும் ஆச்சி ஒருவர், தாம் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வரும் பில்லிங் மென்பொருளின் ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா, வேண்டாமா என்று சொல்லும்படி சென்ற நவம்பரில் என்னிடம் கேட்டார். சென்னையில் பல ஆண்டுகள் மென்பொருள் சோதனையாளராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் என்னைக் கேட்டார். மென்பொருளை மட்டும் பார்த்துச் சொல்வதை விட, அதை எழுதுகிற நிறுவனம் தன் வேலையைத் தானே எப்படிச் சரிபார்த்துக்கொள்கிறது என்பதைப் பார்த்தால்தான் அடுத்த ஆண்டைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும் என்று நான் சொன்னேன். நிறுவனத்தாரும் தயங்காமல் சம்மதித்தார்கள். மூன்று நாள் அவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்களிடமிருந்து பணம் எதுவும் நான் வாங்கவில்லை. ஆச்சியிடமிருந்து ஒரு டப்பா மணகோலம் வாங்கிக்கொண்டேன் என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை.

வரவேற்பறைச் சுவரில் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. வாடிக்கையாளர்கள் இதைப் பார்த்து நிம்மதி அடைவது வழக்கம்; அந்த நிம்மதியில் பாதியைத்தான் நான் ஏற்பேன். ஒரு நிறுவனம் தன் வேலை முறையை எழுதி வைத்திருக்கிறது, எழுதியபடி நடக்கிறது, தவறினால் திருத்திக்கொள்ளும் ஏற்பாடு வைத்திருக்கிறது என்பதற்கு அது சான்று. அவர்கள் விற்கும் பில்லிங் மென்பொருள் சரியாகக் கூட்டும் என்பதற்கு அது சான்று அல்ல. ஒரு நிறுவனத்தின் வேலை முறை எவ்வளவு முதிர்ந்தது என்பதை ஐந்து நிலைகளில் அளக்கும் சிஎம்எம்ஐ மதிப்பீட்டுக்கும் ஏறத்தாழ இதே கதைதான். பொருளின் தரத்தை எந்தெந்தக் கோணத்தில் பார்ப்பது என்பதற்கு வேறொரு தரநிலை உண்டு, ஐஎஸ்ஓ 25010. அதன் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் எட்டுப் பண்புகள் இருந்தன. 2023இல் பாதுகாப்பான இயக்கம் என்பதையும் தனிப் பண்பாகச் சேர்த்து ஒன்பதாக்கினார்கள். ஒன்பதையும் ஒரு பலகாரக் கடைக்காக அளந்து பார்ப்பது கொசுவுக்குப் பீரங்கி; எனவே சரியாகக் கணக்கிடுகிறதா, இடையில் எது நடந்தாலும் தாங்குகிறதா, ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடாமல் இருக்கிறதா என்ற மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆவணங்களைப் படித்து மதிப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. எந்த நிறுவனத்திலும் ஆவணங்கள் மதிப்பீட்டாளர் வரும் வாரத்தில் மிக அழகாக இருக்கும். அதைவிட, அண்மையில் நிகழ்ந்த ஒரே ஒரு பிழையை எடுத்துக்கொண்டு, அது வாடிக்கையாளர் வாயிலிருந்து புறப்பட்ட நிமிடத்திலிருந்து திருத்தப்பட்டு மீண்டும் கடைக்கு வந்து சேர்ந்த நிமிடம் வரை யார் கையில் எல்லாம் போனது என்று பின்தொடர்ந்தால் நிறுவனத்தின் உண்மையான முறை தெரிந்துவிடும். அப்படி ஒரு பிழையை ஆச்சியின் கடையே கொடுத்தது.

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜிஎஸ்டி மன்றம் வரி விகிதங்களை மாற்ற முடிவெடுத்தது. மாற்றம் 22ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. பெயரொட்டி, பாக்கெட்டில் அடைத்து விற்கும் காரப் பலகாரங்களுக்கு அதுவரை 12 சதவீதம் இருந்த வரி 5 சதவீதமானது. சில்லறையாக எடைபோட்டு விற்பதற்கு முன்பும் 5 சதவீதம்தான், பின்பும் 5 சதவீதம்தான். 19 நாள் அவகாசத்தில் நிறுவனம் விகிதத்தை மாற்றி, 22ஆம் தேதி காலை கடை திறக்கும்போது சரியான விகிதத்தில் பில் வந்துவிட்டது. அதுவரை நன்றாகவே செய்தார்கள். செப்டம்பர் 25ஆம் தேதி, அதற்கு முந்தைய வாரம் வாங்கிய கைமுறுக்குப் பாக்கெட்டுகளில் 4,000 ரூபாய் மதிப்புள்ளதைப் புதுக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் திருப்பி அனுப்பினார். சரக்கு திரும்பி வந்தால் அதன் பணத்தைக் கழித்துக்கொள்ள விற்றவர் தரும் சீட்டு கிரெடிட் நோட்; பழைய பில்லுக்குத் தரும் கிரெடிட் நோட்டில் பழைய விகிதம்தான் இருக்க வேண்டும். அதாவது வரி 480 ரூபாய். மென்பொருள் அன்றைய தேதியைப் பார்த்து 5 சதவீதம் போட்டு 200 ரூபாய் என்று அச்சடித்தது. 280 ரூபாய் குறைகிறதே என்று கடைக்காரர் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் ஆச்சியின் கணக்குப்பிள்ளை பார்த்திருக்கிறார்.

இனி அந்த 280 ரூபாயின் பயணம். கணக்குப்பிள்ளை நிறுவனத்தின் சேவைப் பிரிவுக்குப் போன் செய்தார். எடுத்தவர் அதைப் புகார்ப் பதிவேட்டில் ஏற்றவில்லை. நிரலாளர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நிரலாளர் அன்றிரவே சர்வரில் நேரடியாகப் புகுந்து ஒரு வரியை மாற்றினார். மறுநாள் காலை கிரெடிட் நோட் சரியாக வந்தது. ஆச்சி நன்றி சொன்னார். இந்த வேகத்தைத்தான் அந்த நிறுவனம் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது, வாடிக்கையாளர்களும் அதைத்தான் புகழ்கிறார்கள். ஆனால் சர்வரில் செய்த திருத்தம் நிரலின் மூலப் பிரதி இருக்கும் கிட் களஞ்சியத்துக்குப் போகவில்லை. அக்டோபர் 13ஆம் தேதி, தீபாவளிக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, வேறொரு வசதியைச் சேர்த்துப் புதிய பதிப்பை வெளியிட்டார்கள். களஞ்சியத்தில் இருந்த பழைய வரி சர்வரில் இருந்த திருத்தத்தை அழித்துவிட்டு மேலே உட்கார்ந்தது. அதே கிரெடிட் நோட், அதே தவறு, இந்த முறை தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில்.

பிழை வருவதற்காக நான் எந்த நிறுவனத்துக்கும் மதிப்பெண் குறைப்பதில்லை. திருத்திய பிழை திரும்பி வந்தால் குறைப்பேன், ஏனென்றால் அதைத் தடுக்கும் வழி மிக எளியது: ஒவ்வொரு பிழையையும் திருத்தும்போது அந்தப் பிழையைப் பிடிக்கும் ஒரு டெஸ்ட் கேஸையும், அதாவது இதைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும் என்ற குறிப்பையும் எழுதி, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அதை மீண்டும் ஓட்டுவது. இவர்களிடம் அந்த மீள்சோதனைப் பட்டியல் இருக்கிறது, நூற்றுக்கணக்கான வரிகளுடன். ஆனால் வாட்ஸ்அப் வழியாக வந்து போன பிழைகள் எதுவும் அதில் இல்லை. வாடிக்கையாளரை உண்மையில் வருத்திய பிழைகளில் பெரும்பாலானவை வாட்ஸ்அப் வழியாகத்தான் வந்திருக்கின்றன.

வரி மாற்றத்துக்காக அவர்கள் எழுதியிருந்த டெஸ்ட் கேஸ்களையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டே இரண்டு: பாக்கெட் விற்பனை, சில்லறை விற்பனை, இரண்டும் 22ஆம் தேதிக்குப் பிறகு. உண்மையில் பாக்கெட்டா சில்லறையா, மூல பில் 22க்கு முன்னதா பின்னதா, விற்பனையா திரும்பப் பெறுவதா என்ற மூன்று கேள்விகளைப் பெருக்கினால் எட்டு வகை வருகிறது. இதைச் சொன்னதும் நிரலாளர், சில்லறைப் பலகாரம் திரும்பி வந்ததை அந்த வாரமே தாங்கள் ஓட்டிப் பார்த்ததாகவும் அது சரியாக வந்ததாகவும் சொன்னார். சரியாகத்தான் வரும். சில்லறைக்குப் பழைய விகிதமும் 5, புதிய விகிதமும் 5 என்பதால், நிரல் எந்தத் தேதியைப் பார்த்தாலும் விடை ஒன்றுதான். தவறான நிரலிலும் தேறிவிடக்கூடிய சோதனை அது. எங்கள் தொழிலில் மிகவும் ஏமாற்றுவது இந்த வகை; தேறியது என்று பச்சை நிறத்தில் காட்டும், ஆனால் அது எதையும் சோதிக்கவே இல்லை.

ஆத்தங்குடியில் தளக்கல் போடுபவர்களைப் பார்த்தவர்களுக்குத் தர உறுதிக்கும் சோதனைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. அந்தக் கல்லின் பளபளப்பு கண்ணாடித் தட்டிலிருந்து வருகிறது. வண்ணக் கலவையை ஊற்றுவதற்கு முன் கண்ணாடியைத் துடைக்காமல் விட்டால், தண்ணீரில் ஊறி வெளியே வந்த கல்லை எத்தனை பேர் உற்றுப் பார்த்தாலும் புள்ளி போகாது. கல்லைப் பார்ப்பது சோதனை, கண்ணாடியைத் துடைப்பது தர உறுதி. இந்த நிறுவனத்தில் கல்லைப் பார்க்க ஆள் இருக்கிறார். கண்ணாடி யாருடைய பொறுப்பு என்று கேட்டபோது மூவர் மூன்று பெயரைச் சொன்னார்கள்.

அந்தக் கல்லைப் பார்க்கும் ஆளைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டும். நிறுவனத்தில் சோதனையாளர் ஒருவர்தான், இளம் பெண். அவருடைய மேசையில் ஒரு பழைய கணினியும் ஒரு தெர்மல் பிரிண்டரும் இருக்கின்றன. வேண்டுமென்றே யூபிஎஸ் இல்லாமல் வைத்திருக்கிறார். பில் அச்சாகிக்கொண்டிருக்கும்போது சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குவார். மீண்டும் இயக்கி, அந்த பில் பதிவாகியிருக்கிறதா, அடுத்த பில்லின் எண் என்ன என்று பார்ப்பார். நான் இருந்த மூன்று நாளில் இதை அவர் பல முறை, அச்சு தொடங்கியதும் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, தாள் வெட்டப்படும் நொடியில் ஒரு முறை என்று நேரத்தை மாற்றி மாற்றிச் செய்தார். எந்த ஆவணத்திலும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் செய்கிறேன் என்றார். இப்படித்தான் ஒரு முறை, மின்சாரம் போய் வந்த பிறகு இரண்டு பில்களுக்கு ஒரே எண் விழுவதை அவர் கண்டுபிடித்திருக்கிறார். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் தொடர்வரிசையில், பதினாறு எழுத்துக்குள், ஒரு நிதியாண்டில் மீண்டும் வராமல் இருக்க வேண்டும் என்பதால் அது சிறிய பிழை அல்ல. பெரிய நிறுவனங்களில் பெரிய பெரிய கருவிகளை வைத்துக்கொண்டு வேலை பார்த்த நான், பிளக்கைப் பிடுங்கும் இந்தச் சோதனையைப் பார்த்து உள்ளூரக் கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

ஆனால் அவரிடம் கொடுக்கப்படும் தரவு மோசம். பொருள் பட்டியலில் ‘ஐட்டம் ஒன்று, விலை நூறு’ என்ற மாதிரி பத்து வரிகள், எல்லாம் ஆங்கில எழுத்தில். ஆச்சியின் பட்டியலில் இருக்கும் ஒரு பெயர்கூட அதில் இல்லை. நான் ஆச்சியின் பட்டியலை வாங்கி ஏற்றச் சொன்னேன். ஏற்றியதும் பிரிண்டரிலிருந்து வந்த முதல் தாளில் ‘சீப்புச்’ என்று ஒரு பொருளும் ‘கைமுறுக்’ என்று ஒரு பொருளும் இருந்தன. பொருள் பெயருக்கு மென்பொருளில் 24 பைட் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; பைட் என்பது கணினி இடத்தை அளக்கும் அலகு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். 24 எழுத்து தாராளம். யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும், அதாவது ‘ச’ என்ற எழுத்துக்கு மூன்று, அதன் மேல் ஏறும் ஈகாரக் குறிக்குத் தனியே மூன்று என்று, மூன்று மூன்று பைட் வேண்டும். எனவே எட்டுக் குறியீட்டோடு பெயர் நின்றுவிடுகிறது. மணகோலத்துக்கு 21 பைட் என்பதால் அது தப்பித்தது. சீப்புச்சீடை 36, கைமுறுக்கு 30. கடையில் இது வெளியே தெரியாமல் போனதற்குக் காரணம், ஆச்சியின் கல்லாவில் இருக்கும் பையன் இரண்டு ஆண்டுகளாகப் பெயர்களை ஆங்கில எழுத்தில் சுருக்கி அடித்துச் சமாளித்து வந்ததுதான். செட்டிநாட்டில் உட்கார்ந்து செட்டிநாட்டுக் கடைகளுக்கு விற்கும் மென்பொருள் ஒரு சீப்புச்சீடையைக்கூட முழுதாகச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதை என்னால் எளிதாக மன்னிக்க முடியவில்லை.

எல்லை மதிப்புகளை, அதாவது ஒரு விதி மாறும் கோட்டுக்குச் சற்று முன்னும் பின்னும் உள்ள தொகைகளை, சோதிக்கும் பழக்கமும் குறைவாக இருந்தது. ஆச்சியின் கடையிலிருந்து கல்யாண ஆர்டர்கள் பெங்களூருக்குப் போகும். வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால், சரக்கு கிளம்பும் முன் இணையத்தில் பதிந்து பெறும் இ-வே பில் என்ற சீட்டை எடுக்க வேண்டும். அந்த மதிப்பில் வரியும் அடக்கம். 47,700 ரூபாய்க்குப் பலகாரம் போட்டால் 5 சதவீத வரி 2,385 சேர்ந்து 50,085 ஆகிறது. மென்பொருள் எச்சரிக்க வேண்டும். எச்சரிக்கவில்லை, வரிக்கு முந்தைய தொகையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது. அவர்களுடைய டெஸ்ட் கேஸ்கள் 10,000 ரூபாய்க்கு ஒன்றும் 90,000 ரூபாய்க்கு ஒன்றுமாக இருந்தன. கோட்டிலிருந்து இவ்வளவு தள்ளி நின்று பார்த்தால் கோடு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

பேக்கப், அதாவது கணக்குகளின் காப்பு நகல், பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தினமும் இரவு எடுக்கிறார்கள். எடுத்ததிலிருந்து எப்போதாவது மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. என் முன்னால் மீட்டுக் காட்டச் சொன்னேன். பிற்பகல் முழுவதும் ஆனது, ஒரு நாள் கணக்கு குறைவாக வந்தது. மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

வெளியீட்டு முறைதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. ஆச்சியின் கடைக்குத் தேவகோட்டையிலும் புதுக்கோட்டையிலும் கிளைகள் உண்டு. புதிய பதிப்பை ஒவ்வொரு கல்லாக் கணினியிலும் ஓர் ஊழியர் கையால் ஏற்றுகிறார். எது முடிந்தது, எது முடியவில்லை என்பது அவர் நினைவில் இருக்கிறது. தேவகோட்டைக் கல்லாவில் இரண்டு பதிப்புகளுக்கு முந்தையது ஓடிக்கொண்டிருந்ததை நான் போன பிறகுதான் பார்த்தார்கள். இது கிராமத்துக் கடைக்கு மட்டும் நேரும் விஷயமல்ல. 2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்காவில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் புதிய நிரலை ஏற்றிவிட்டு ஒன்றை விட்டுவிட்டது. சந்தை திறந்த 45 நிமிடத்துக்குள் 44 கோடி டாலருக்கு மேல் நட்டம். நிறுவனமே பிறகு கைமாறிப் போயிற்று. இங்கே தொகை சிறியது, தவறு அதேதான். எந்தக் கல்லாவில் எந்தப் பதிப்பு என்பதை மென்பொருளே மைய சர்வருக்குத் தெரிவிக்கும்படி செய்வதும், பழைய பதிப்புக்கு உடனே திரும்பும் வழி வைப்பதும் பெரிய செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல.

மூன்றாம் நாள் மாலை நிறுவனத்தின் தலைவர் எனக்கு வரைபடங்கள் காட்டினார். மாதாமாதம் கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது என்றார். சோதிப்பதைக் குறைத்தாலும் அந்தக் கோடு இப்படித்தான் இறங்கும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் உடன் வந்திருந்த ஆச்சி முந்திக்கொண்டார்.

“அது கெடக்கட்டும் தம்பி. இதுல நீங்க கண்டுபிடிச்சது எத்தனை, நாங்க போன் போட்டுச் சொன்னது எத்தனை?”

அந்தப் பிரிவினை அவர்களிடம் இல்லை. சோதனையில் பிடிபட்டவை, வாடிக்கையாளர் வரை தப்பிப்போனவை என்று பிரித்துப் பார்ப்பது தர அளவீட்டின் பாலபாடம்; புத்தகங்களில் அதற்குத் தப்பிய பிழை விகிதம் என்று பெயர். ஆச்சி புத்தகம் படித்துக் கேட்கவில்லை. அவருடைய மாமனார் பர்மாவில் மேலாளாக, அதாவது முதலாளிக்காகக் கடையை நடத்தும் தலைமை ஏஜெண்டாக, இருந்தவர். மாதக் கடைசியில் ஐந்தொகை எடுக்கும்போது, தவறு எங்கே என்பதோடு அதை முதலில் கண்டவர் யார் என்பதையும் எழுதி வைக்கும் வழக்கம் அவர் வீட்டில் இருந்ததாம்.

என் மதிப்பீடு இது. மனிதர்கள் நல்லவர்கள், திறந்த மனத்தோடு பேசுகிறார்கள், எதையும் மறைக்கவில்லை. இவ்வளவையும் எனக்குக் காட்டியதே அவர்களுக்குப் பெருமை சேர்க்கும் விஷயம். விலை நியாயமானது. கடையில் கோளாறு என்றால் அரை மணி நேரத்தில் ஆள் வந்து நிற்கிறார். வெளியூர் நிறுவனத்திடம் இது கிடைக்காது. சோதனையாளர் ஒருவர்தான் என்றாலும் கைதேர்ந்தவர். குறை என்னவென்றால், தரம் அவர் ஒருவருடைய சாமர்த்தியத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவர் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால் பிளக்கைப் பிடுங்க ஆள் இருக்காது, ஏனென்றால் அந்தச் சோதனை எங்கும் எழுதப்படவில்லை. ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். அந்த மூன்றில் ஒன்று முழுவதும் அந்தப் பெண்ணுக்கு உரியது.

ஆச்சியிடம் ஓராண்டு ஒப்பந்தத்துக்குப் பதிலாக ஆறு மாத ஒப்பந்தம் போடச் சொன்னேன். நான்கு நிபந்தனைகளை அதில் எழுதிச் சேர்த்தோம். புகார் எந்த வழியாக வந்தாலும் அதற்கு எண் தந்தாக வேண்டும். திருத்தம் முதலில் களஞ்சியத்துக்குப் போய், அதன் டெஸ்ட் கேஸோடு வெளியே வர வேண்டும். புதிய பதிப்பு முதலில் காரைக்குடிக் கடையின் ஓரக் கல்லாவில் ஒரு நாள் ஓடி, கணக்குப்பிள்ளை சரி என்று கையெழுத்திட்ட பிறகே மற்றவற்றுக்குப் போக வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய பத்து நாளில் எந்தப் புதிய பதிப்பும் கூடாது. கடைசி நிபந்தனைக்குத்தான் நிறுவனத்தார் கொஞ்சம் முனகினார்கள்.

தை மாதம் வந்த முதல் பதிப்பை ஓரக் கல்லாவில் ஏற்றிய அன்று நானும் போயிருந்தேன். கணக்குப்பிள்ளை 47,700 ரூபாய்க்கு ஒரு பெங்களூர் பில் போட்டார். இ-வே பில் எச்சரிக்கை வந்தது. 47,600க்குப் போட்டார், மொத்தம் 49,980 ஆயிற்று, எச்சரிக்கை வரவில்லை, வரவும் கூடாது. சீப்புச்சீடை முழுப் பெயரோடு அச்சானது. பழைய பில் ஒன்றைத் தேடி எடுத்து, கிரெடிட் நோட் போட்டு, 12 சதவீதம் விழுந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடப் பேனாவை எடுத்தவர், ஏதோ நினைவு வந்ததுபோல் நிறுத்தி, அடுத்த பில் அச்சாகும்போது குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.